தலைமாட்டில் ஈரம்

சிறுநீரக நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாடத்தில் இருப்பதை நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள், மறந்துபோனால் பரீட்சை இருக்கிறது. நான் சொல்ல வந்தது ஒரு முகத்தைப் பற்றி. அதைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் காலையில் கண்ணாடி முன்னால் நின்றால், கண் ரப்பை உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் தலை வாருகிறேன். கிழவியின் கிறுக்கு என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், கடைசியில் பார்க்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. இராயபுரத்தில், துறைமுகத்துச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஜன்னலைத் திறந்தால் கரித்தூள், மூடினால் கருவாட்டு வாசனை. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நான் வாய் திறந்தால் வார்டே சிரிக்கும். அவர்கள் “இன்னா நர்ஸம்மா” என்றால் என்னை அதட்டுகிறார்கள் என்று நினைத்து முதல் மாதம் முழுக்க விறைப்பாகவே திரிந்தேன்.

அங்கே இருந்த டாக்டர் ஐயாவுக்கு மூக்கு நுனியில் கோபம். பேர் வேண்டாம். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய, அதில் ஒன்று இது: நோயாளி எழுந்து முகம் கழுவுவதற்கு முன்னால் போய்ப் பார். கழுவி, தலை சீவி, பொட்டு வைத்த பிறகு பார்க்கிற முகம் விருந்தாளிக்குக் காட்டுகிற முகம் என்பார். அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. கங்காவின் முகத்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவளைக் கொண்டுவந்தது ஒரு சாயங்காலம். ஏழெட்டு வயது இருக்கும். சித்தப்பன் ஏழுமலை தோளில் போட்டுத் தூக்கி வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், பெரிய உடம்பு, ஆனால் குழந்தையைக் கட்டிலில் விட்டதும் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். பின்னாலேயே தாய் அஞ்சலை வந்தாள். குழந்தையின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. முழங்காலுக்குக் கீழே சிரங்கு ஆறிய தழும்புகள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

“இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது, நர்ஸம்மா” என்றாள் அஞ்சலை. “விடியகாலீல வந்து பாரு. அது எம்பொண்ணு இல்ல.”

“பின்னே யாராம்?”

ஏழுமலைதான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “எங்க அண்ணன்.”

அண்ணன் தேசப்பன், அஞ்சலையின் புருஷன். முந்தின ஐப்பசிப் புயலில் கட்டுமரத்தோடு போனவன். கடல் அவனைச் சில நாள் வைத்திருந்துவிட்டுக் காசிமேட்டு மணலில் திருப்பிக் கொடுத்தது. ஏழுமலை வேட்டியை அவிழ்த்து அண்ணன் முகத்தை மூடப்போனான். அஞ்சலை அதைப் பிடித்து இழுத்துவிட்டுப் பார்த்தாள். அவள் கடைசியாகப் பார்த்த புருஷன் முகம் தண்ணீர் குடித்து ஊதிப்போன முகம். இதையெல்லாம் ஏழுமலை வாசலில் பீடி பிடித்துக்கொண்டே எனக்குச் சொன்னான். அவன் குரல் சாதாரணமாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவள், அப்படித்தான் வளர்த்தார்கள். மறுநாள் விடியற்காலை வழக்கப்படி போனேன். ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்தது குழந்தையின் உடம்புதான். ஆனால் முகம் வெளுத்து, கன்னம் உதடு எல்லாம் உப்பி, கண்கள் இரண்டும் வெறும் கோடாகிக் கிடந்தன. நடுவயது ஆண் ஒருவன் கண்மூடிப் படுத்திருப்பதுபோல இருந்தது. துறைமுகத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்குத் தண்ணீரில் கிடந்த முகம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்த அஞ்சலை என் முகத்தைத்தான் பார்த்தாள், குழந்தையை அல்ல. “பாத்தியா?” என்றாள்.

பார்த்தேன். அதற்குப் பெயரும் தெரியும். சிரங்கு வந்து ஆறி, தாய் அப்பாடா என்று மூச்சுவிடுகிற நேரம் பார்த்து இது வரும். விடியும்போது முகம் வீங்கும், பொழுது சாய்கையில் முகம் வடிந்து கால் வீங்கும். சிறுநீர் இறைச்சி கழுவிய தண்ணீர் மாதிரி வரும், அதுவும் கொஞ்சமாக. சிரங்கின் கிருமி எப்போதோ போயிருக்கும். அதை அடிக்கக் கிளம்பிய உடம்பின் படைதான் வேலை முடிந்தும் அடங்காமல் சொந்தச் சிறுநீரகத்தையே இடிக்கிறது என்று இன்றைக்கு உங்களுக்குப் படம் போட்டு விளக்குகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தப் படம் இல்லை. இரத்தத்தில் விஷம் என்போம், சிறுநீரகத்தில் அழற்சி என்போம், அதற்குமேல் தெரியாது.

டாக்டர் ஐயா அவள் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து விளக்கில் காய்ச்சினார். குழாயின் மேல்பாதி வெந்த முட்டை மாதிரி வெள்ளையாகத் திரண்டது. “படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தண்ணீர் அளந்து கொடு. உப்பு ஒரு கல் கூட உள்ளே போகக் கூடாது” என்றார்.

உப்பில்லாத கஞ்சியை ஆற்றி நானே கொண்டுபோனேன். அஞ்சலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பு?”

“உப்பே ஆகாதும்மா. டாக்டர் சொல்லியாச்சு.”

அவள் முகம் இறுகிப்போனது. பத்தியம் என்றால் எல்லாத் தாய்மாரும் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்து நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பத்தியம் சரியாக நடந்தால் வீக்கம் மெல்ல இறங்க வேண்டும். கங்காவுக்கு ஏறியது. ஒவ்வொரு விடியலிலும் அந்த ஆணின் முகம் முந்தின நாளைவிடத் தெளிவாக வந்தது. பானையில் சிறுநீர் குறைந்துகொண்டே போனது. டாக்டர் ஐயா என்மேல் எரிந்து விழுந்தார், நான் சமையற்காரன்மேல் எரிந்து விழுந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. காலையில் பார்த்தால் கங்காவின் தலைமாடு ஈரமாக இருக்கும். தலையணை நனைந்து, கட்டில் சட்டம் வழியாக இறங்கி, தரையில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருக்கும். குழந்தைக்கு வேர்வை இல்லை, வாந்தி இல்லை, யாரும் தண்ணீர் கொட்டவும் இல்லை. பெருக்க வந்த ஆயா அதைத் துடைத்து, துணியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“கடல் தண்ணி வாசன வருது, நர்ஸம்மா. ஈரத்தோட வந்து தலமாட்டுல குந்திகினு போவுது. நான் இனிமே அந்த மூலைய பெருக்க மாட்டேன்.”

“போட்டி போ, வேலையைப் பாரு” என்றேன். ஆனால் அன்றைக்கு அந்த மூலையை நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்து கண் கூசிற்று. காலையிலிருந்து தலைவலி தலைவலி என்று முனகிக்கொண்டிருந்த கங்கா, சட்டென்று கையை நீட்டித் தடவினாள்.

“யம்மா, வெளக்க ஏன் அமத்திட்ட?”

நான் ஓடிப்போய் அவள் கண்ணுக்கு நேரே கையை ஆட்டினேன். அந்தக் கோடு போன்ற கண்கள் என் கையைத் தாண்டி எங்கோ பார்த்தன. “இருட்டா கீது யம்மா” என்றாள், கோபமாக. அடுத்த நிமிஷம் உடம்பு வில்லாக வளைந்து இழுப்பு வந்துவிட்டது.

டாக்டர் ஐயா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். இழுப்பு நின்றது. குழந்தை துவண்டு தூங்கிப்போனாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைத் தனியே கூப்பிட்டு, “ரத்தக் கொதிப்பு தலைக்கு ஏறியிருக்கு. பார்வை திரும்பலாம். ஆனா இது மறுபடி வந்தா என்கிட்ட ஒண்ணும் இல்லை” என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் கட்டிலருகே திரும்பி வந்தபோது அஞ்சலை முகம் கழுவப் போயிருந்தாள். கங்கா அரைத்தூக்கத்தில் என் கையைப் பிடித்தாள். யார் கை என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நைனா?” என்றாள், அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி.

“நைனா இல்லம்மா. நான் நர்ஸு.”

“நைனா தெனிக்கும் வருது. வாயில வெரல வெக்குது. வெரலு உப்பு கரிக்குது.”

பட்டப்பகல். சுற்றிலும் ஆட்கள். எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. உப்பு என்ற அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார வைத்தது. தலையணைக்கு அடியில் கையை விட்டேன். நனைந்த துணி முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தேன். கல் உப்பு, பாதி கரைந்து, கடற்காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. தாய் அதிலிருந்து எடுத்துத் தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் நாக்கில் வைத்திருக்கிறாள். தாகம் என்றால் தண்ணீரும் கொடுத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலையும் ஏழுமலையும் ஒரு பழைய சேலையோடு வந்து நின்றார்கள்.

“இட்டுகினு போறோம்” என்றான் ஏழுமலை. “நாளைக்கி அமாவாச. விடியகாலீல பொண்ண கடல்ல முக்கி எடுக்கணும்னு பூசாரி சொல்ட்டாரு. அவரு மொகத்த அவரே எடுத்துகினு பூடுவாரு.”

“கண்ண எடுத்துகினாரு. இன்னும் உட்டா உசிர எடுத்துக்குவாரு” என்றாள் அஞ்சலை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் கையில் உப்பு முடிச்சு. கூப்பிடு தூரத்தில் டாக்டர். சொன்னால் போதும், அவர் இருவரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். அவர்கள் தள்ளப்பட்டால் குழந்தையோடுதான் போவார்கள். தடுக்க எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. விடியலில் அந்த உடம்பைக் கடலில் முக்கினால் அடுத்த இழுப்பு அலையிலேயே வரும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த முடிச்சை அவள் முகத்தில் எறிந்திருப்பேன். எறியவில்லை. தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டி, அவளையும் உட்காரச் சொன்னேன்.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. “அமாவாசைக்கு அமாவாச அவருக்குக் கரையில சோறு வெக்கிறேன். உப்பு போடாமதான் வெப்போம். உப்பு இருந்தா செத்தவங்க கிட்ட வரமாட்டாங்க. நாங்க வந்த நாள்லேந்து அத்தத்தான எம்பொண்ணுக்கு ஊட்டுற? யாருக்கு ஊட்டுற நீ? அவளுக்கா, அவருக்கா? அதான் உப்ப வெச்சேன். தொரத்த.”

அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. செத்தவனுக்குப் படைக்கிற சோற்றை வேளாவேளைக்கு அவன் முகம் வந்து உட்கார்ந்த குழந்தைக்கு நான் ஊட்டியிருக்கிறேன். அவள் இடத்தில் நான் இருந்தால் ஒரு மூட்டை உப்பு கொண்டுவந்திருப்பேன்.

முடிச்சை அவள் உள்ளங்கையில் வைத்தேன். “கட்டும்போது இது காய்ஞ்ச உப்புதான?”

“ஆமா.”

“இப்ப நனைஞ்சு கிடக்கு. தண்ணி ஊத்தினது யாரு?”

அவள் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாரும் ஊத்தலை. உப்புக்கு அதான் குணம். இருக்கிற இடத்துல தண்ணியை இழுத்து வச்சுக்கும். துணிக்குள்ள வச்சா துணியில இழுக்குது. புள்ளை வயித்துக்குள்ள வச்சா புள்ளை முகத்துல இழுக்குது. அவரை வெளியே தள்ளணும்னா உப்பு வெளியே இருக்கட்டும்மா. உள்ளே ஒரு கல் போகக் கூடாது.”

அடுக்களைக்குப் போய் உப்பு ஜாடியை அப்படியே தூக்கி வந்து அவளிடம் கொடுத்தேன். கட்டிலைச் சுற்றி எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்றேன். அவள் ஏழுமலையைப் பார்த்தாள். அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினான்.

“இன்னா வளையம் போட்டாலும் துன்றது செத்தவங்க சோறுதானே?”

நான் கிண்ணத்தை எடுத்து மடக்கு மடக்கென்று பாதியைக் குடித்தேன். வாயில் வைக்க வழங்கவில்லை, அது வேறு விஷயம். “உயிரோடதான் இருக்கேன், பாத்துக்கோ” என்றேன். மீதியை அஞ்சலையிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். ஏழுமலை மீசையைத் தடவிக்கொண்டான்.

“சரி. விடியட்டும்” என்றான். “அண்ணன் மொகம் வந்திச்சின்னா தூக்கிகினு போயிடுவேன். குறுக்க நிக்காத.”

“நிக்கலை” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஒரே இரவில் வீக்கம் வடியும் என்று எனக்கு எந்தப் புத்தகமும் வாக்குக் கொடுக்கவில்லை. அதைவிட நல்ல பேரம் அன்றைக்கு என் கையில் இல்லை, அவ்வளவுதான்.

விடியலில் நான் வார்டுக்குள் போனபோது ஏழுமலை சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். கட்டிலைச் சுற்றிப் போட்ட உப்பு வளையம் முழுக்கக் கசிந்து, தரையில் ஈரக்கோடாகி இருந்தது. அஞ்சலை அதைத் தொட்டுக் காட்டி, “வந்து கோட்டாண்டயே நின்னுட்டுப் போயிருக்காரு” என்றாள், ரகசியம் போல. கடற்காற்று என்று எனக்குத் தெரியும். தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கட்டிலுக்கடியில் பானையைப் பார்த்தேன், அத்தனை நாளில் முதல் தடவையாக நன்றாக நிறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூத்திரப் பானையைப் பார்த்து அழுதவள் என்று என்னைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. குனிந்தேன். வீக்கம் இருந்தது. ஆனால் ஒரு கண் கோடாக இல்லை. அது திறந்து என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது.

“நர்ஸம்மா, உன் குல்லா கோணிகினு கீது” என்றாள் கங்கா.

ஏழுமலை அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பூசாரிக்கு என்ன பதில் சொன்னானோ, குழந்தையைத் தூக்குகிற பேச்சு அதன்பிறகு வரவில்லை. அஞ்சலை மட்டும் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் தூங்காத களைப்பு என்று நினைத்தேன்.

அன்று காலை டாக்டர் ஐயா உப்பில் கால் வைத்து வழுக்கப் பார்த்தார். “யார் இங்கே உப்பளம் போட்டது?” என்று கூரை அதிரக் கத்தினார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முடிச்சைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கால்சட்டையைச் சற்றே தூக்கிக்கொண்டு, அந்த ஈரக்கோட்டை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார். அஞ்சலை அதைக் கவனித்தாள். அவர் சொன்ன பத்தியம் எதுவும் அதன்பிறகு அந்தக் கட்டிலில் தவறவில்லை.

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. அதே மழைக்காலத்தில் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்திக்கு வீக்கம் கங்காவுக்கு முன்பே வடிந்தது. சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஆனால் அவள் குழாயில் அந்த வெள்ளை மட்டும் போகவே இல்லை. சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது முகம் வீங்கவில்லை, சுருங்கியிருந்தது. அவளை நாங்கள் காப்பாற்றவில்லை. வடிந்த முகத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். கங்காவின் குழாய் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, ஒரு நாள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் ஐயா அவளை வீட்டுக்கு விட்டார்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? பத்தியம் தவறினால் திட்டுவதற்கு முன்னால், தவறியது எதற்காக என்று உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்லலாம். நானும் ரொம்ப நாள் அந்தப் பெருமையோடுதான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அதில் பாதியைத்தான் சொல்லி வந்தேன்.

புறப்படும் நாள். ஏழுமலை கங்காவைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டான். அஞ்சலை மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் தயங்கினாள்.

“இனிமே அந்த மொகம் வராதா, நர்ஸம்மா?”

“வராது அஞ்சலை. பயப்படாதே.”

அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

“மொதல்ல தொரத்தத்தான் வெச்சேன்” என்றாள். “அப்பால பாத்தேன். உப்பு வெச்ச மறுநாளு நல்லா வருது. மூக்கு, வாயி, எல்லாம் அவரே. கரையில கெடந்தப்ப பாத்ததுக்கு அப்பால நான் அவர கண்ணால பாக்கலியே.” முடிச்சை இறுக்கினாள். “அவளுக்குக் கண்ணு போச்சில்ல? அதுக்கு முந்தின நாளு நான் தொரத்த வெக்கல, நர்ஸம்மா.”

நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருக்கவில்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தும் குளிர்ந்தது. தெருக்கோடியில் சித்தப்பன் தோளிலிருந்து கங்கா திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவள் முகம் சின்னதாக, கன்னம் ஒட்டி, அவள் முகமாகவே இருந்தது. அதை அஞ்சலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.